வாப்பாவின் எடையும் மீதி நோன்புகளும்

கண்டியில் கிளினிக் நடையில் இருந்த தராசில் வாப்பா ஏறியபோது நான் முள்ளைப் பார்க்கவில்லை, தாதியின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாப்பாவை இறக்கி, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி ஏறச் சொன்னார். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். பழுது தராசில் இல்லை.

சென்ற முறையைவிட ஆறு கிலோ குறைவு.

வாப்பாவுக்குப் புரொஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து, இப்போது ஹோர்மோன் ஊசி (புற்றுநோய்க்குத் தீனியாகும் ஆண் ஹோர்மோனை அடக்குவது). இதே ஊசி போடும் வீடுகளுக்குச் சொல்கிறேன்: வயிற்றில் கொழுப்பு ஏறும், கைகால்களில் தசை கரையும், திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும்.

"உம்மாட வயசு வருத்தம் எனக்கு வந்தீக்கி" என்று, உம்மாவுக்கு மாதவிடாய் நின்ற காலத்து வேக்காட்டைச் சொல்லி, வாப்பா மின்விசிறியின் முன்னால் உட்கார்ந்து சிரிப்பார்.

அக்குறணையில் எங்கள் ஹாட்வெயார் கடைக்கு வருபவர்கள் அந்தப் பருமனைச் சுகமென்று நினைத்தார்கள். "மாஷா அல்லாஹ், ஹாஜியார் புது மாப்பிள மாதிரி ஈக்கிறார்" என்பார்கள். மறுநாள் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பான வட்டிலப்பம் வரும். நான்தான் தடை போட்டேன்: இரவில் சோறு இல்லை, இனிப்பு ஒரு கரண்டி, மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு நடை. எடை இறங்கத் தொடங்கியதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு கிலோ பெருமைப்படும் அளவல்ல. வரிசையில் காத்திருந்தபோது காரணங்களை அடுக்கினேன். ஒன்று, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. இரண்டு, சீனி வருத்தம் (நீரிழிவு). மூன்று, புற்றுநோய் எலும்புக்குப் போயிருப்பது. மூன்றாவதைத் தள்ளிவைக்கத்தான் முதல் இரண்டும்.

பாலில்லாத பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். "வேணாம் மகள்" என்றார். பசியும் போய்விட்டதா என்று அதையும் மூன்றாவது காரணத்தோடு சேர்த்தேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். முதலில் இரத்த அறிக்கையைப் பார்த்தார். "பீ.எஸ்.ஏ. (புரொஸ்டேட் வெளிவிடும் புரதத்தின் அளவு; புற்றுநோய் வளர்ந்தால் ஏறும்) கூடேல்லை" என்றார். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

"ஐயா, கை ஊன்டாமல் கதிரையால எழும்புங்கோ."

வாப்பா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். பாதி எழும்பித் திரும்ப உட்கார்ந்துவிட்டார். மறுபடி முயன்றார். முடியவில்லை.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நோம்பு, டொக்டர்."

"இது நோன்பு மாசம் இல்லையே?"

"கதிர் அடிக்கக்குள்ள விட்டுப்போன நோம்பு. கழா."

கழா என்றால் நோயில் விடுபட்ட நோன்பைச் சுகமான பின் நோற்பது என்று டொக்டருக்கு விளக்கினேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வீட்டிலிருந்து வாப்பாவுக்காகக் கடைக்குப் போன பகல் சாப்பாட்டுப் பெட்டி தினமும் காலியாகத்தானே திரும்பி வந்தது?

"கெஷியர் தின்டார்" என்றார் வாப்பா. "அவருக்குத்தான் எட கூடியீக்கி."

பகலில் அவர் நோன்பு, இரவில் சோற்றுக்கு என் தடை; என்னால் சிரிக்க முடியவில்லை. "ஏன் வாப்பா சொல்லல்ல?"

"சொன்னா நீங்க விடுவீங்களா? நோம்புக் கடனோட மவுத்தாகி அல்லாஹ்கிட்டப் போகேலா, மகள்."

டொக்டர் பேனாவை மூடினார். "குறைஞ்சது கொழுப்பில்லை ஐயா, தசை. இந்தக் காலோட விழுந்தால் எலும்பு முறியும். முட்டை, மீன், பருப்பு நேரத்துக்குச் சாப்பிடவேணும். கதிரையால எழும்பி இருந்து பழகவேணும். நோன்பைப் பிறகு பிடிக்க ஏலாதோ?"

"பொறகு எண்டா..." வாப்பாவின் குரல் இறங்கியது. "எனக்குப் பொறகு ஈக்கா, டொக்டர்?"

"அதுக்குத்தானே அடுத்த ஊசிக்குத் திகதி போட்டிருக்கிறன்."

வாப்பா கிளினிக் அட்டையை வாங்கி, அந்தத் திகதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

உங்கள் வீட்டில் எடை இறங்கினால், என்னைப் போல முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இறங்கியது எது என்று கேளுங்கள். நான் இப்போது கதிரையின் சத்தத்தைத்தான் கவனிக்கிறேன்: கைப்பிடி கிறீச்சிட்டால் கை ஊன்றி எழும்புகிறார் என்று அர்த்தம்.

அன்றைய நோன்பை அவர் முறிக்கவில்லை. மஃரிபுக்கு, நோன்பு திறக்கும் நேரத்தில், ஈச்சம்பழத்துடன் இரண்டு முட்டைகள் வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த உம்மா, "அப்ப மீதி நோம்ப எப்ப புடிக்கிற?" என்றார்.

வாப்பா முட்டையின் ஓட்டை மெதுவாக உரித்தார்.

"அவசரமில்ல" என்றார்.

நோய் வந்த பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அன்றுதான்.