ஐந்தாவது ஐபு

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கலகெதரை வீட்டின் ஹோலில் இருந்தது மூன்றே பேர்: நான், அப்பா, தன் கெமராவை விற்பதற்காக எங்களை வரச் சொன்ன நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பணத்தைக் கொடுத்த அம்மா வரவில்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற அம்மாவுக்கு ஞாயிறு லீவு கிடையாது. கெமராவைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆளான என் சிநேகிதனும் வரவில்லை. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற அவனுக்கு அன்று காலையில் திடீரென்று மாத்தளையில் வேலை வந்துவிட்டது. அதனால், கண்டி மார்க்கட்டில் நாட்டாமியாக மூட்டை சுமக்கிற அப்பாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் வாழ்நாளில் ஒரு கெமராவைக் கையால் தொட்டவரில்லை.

நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் எங்களிடம் சான்றிதழ்களைக் கொப்பி எடுத்துவிட்டு, படம் எடுக்க வேறு கடை தேடிப் போவார்கள். எங்கள் கடையின் பின்மூலையில் ஒரு கதிரை போடுகிற அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. அங்கே நானே படம் எடுக்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

“மாசக் கடைசிக்குள்ள கெமராவோட வந்தா மூல ஒனக்கு,” என்றார். “இல்லாட்டி போன் திருத்துற பொடியன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்குக் குடுத்துருவேன்.”

மஹய்யாவயில் எங்கள் வீட்டில் ஏ.எல். பரீட்சை வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், “கொப்பிக் கடையில நிக்கிறான்” என்று சொல்லும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கும். அந்த மூலை கிடைத்தால் எனக்கென்று ஒரு தொழில் இருக்கும். கலகெதரைக்குப் போன அந்த ஞாயிறு மாதத்தின் கடைசி ஞாயிறு.

கெமராவை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தார் நானா. விலை தொண்ணூற்றையாயிரம். அடிப்பக்கத்தில் இருக்கும் இலக்கத்தையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அந்த இலக்கத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செய்த கம்பெனியே ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது; அதில் இந்த இலக்கமும் இருந்தது. அதிலுள்ள இலக்கங்களைக் கொண்ட கெமராக்களில் ஷட்டர் ஒரு நாள் நின்றுபோகக்கூடுமாம். கிளிக் என்று திறந்து மூடுகிற அந்த மெல்லிய கதவு நின்றால் கெமரா வெறும் டப்பாதான். இலவசமாகத் திருத்திக் கொடுத்த காலமும் முடிந்திருந்தது. திருத்தியவற்றில் பற்றரி போடுகிற குழிக்குள் ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்களாம்.

“இப்ப அவருகிட்ட சொல்லாத மச்சான்,” என்று சிநேகிதன் முன்பே சொல்லியிருந்தான். “எல்லாம் பேசி முடிச்சு, காச வெளிய எடுக்கிற நேரம் பாத்துச் சொல்லு. சடார்னு இருபதாயிரம் எறங்குவாரு.”

கெமராவை முதலில் வாங்கிப் பார்த்தது அப்பாதான். மூட்டையைத் தூக்கிப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்து ஆட்டினார். “கனமாத்தான் இருக்கு,” என்றார் திருப்தியாக.

“இருங்க அண்ணே, மொதல்ல ஐபு சொல்றன்,” என்று நானா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஐபு என்றால் பொருளில் உள்ள குறை. “அத மறச்சு வித்தா அந்தக் காசு எனக்கு ஹலால் இல்ல. ஒன்டு, பிடிக்கிற எடத்துல ரப்பர் கழண்டீக்கி. ரெண்டு, ஸ்கிரீன்ல ஒரு கோடு ஈக்கி. மூனு, பிளாஷ் தானா எழும்பாது, நெகத்தால கெளப்போணும். நாலு, ஒரு பற்றரியில சார்ஜ் நிக்காது.”

அப்பா என் பக்கம் சாய்ந்தார். “இந்தாளு விக்க வந்தவரா, வாங்காதன்னு சொல்ல வந்தவராடா?”

“ரெண்டுந்தான் அண்ணே,” என்றார் நானா. அவருக்குக் காது கூர்மை.

அப்பா விடவில்லை. “தொண்ணூத்தஞ்சு கூடுதலா இருக்கே மொதலாளி. ரப்பரு வேற கழண்டிருக்கு.”

“அத நான்தானே சொன்னன்? அதெல்லாம் கழிச்சிட்டுத்தான் தொண்ணூத்தஞ்சு.”

அப்பாவுக்கு அதற்குமேல் வழி தெரியவில்லை. மறைத்து வைத்த பழுதைக் கண்டுபிடித்து விலையைக் குறைப்பதுதான் அவருக்குத் தெரிந்த பேரம். இங்கே பழுதெல்லாம் தாளில் எழுதி முன்னால் கிடந்தது. சட்டைக்குள் கையை விட்டு அம்மாவின் சீட்டுப் பணம் இருந்த கவரை எடுத்தார்.

சிநேகிதன் சொன்ன நேரம் அதுதான். நான் சொன்னேன். ஆனால் அவன் சொல்லித் தந்தபடி என்னால் சொல்ல முடியவில்லை. தனக்குத் தெரிந்த குறையையெல்லாம் எழுதி வைத்திருக்கிற மனிதரிடம், அவருக்குத் தெரியாத ஒன்றை என் சட்டைப் பையில் வைத்திருந்தது கூச்சமாக இருந்தது. இலக்கம், பட்டியல், புள்ளி எல்லாவற்றையும் பரீட்சையில் விடை எழுதுவதுபோல ஒப்புவித்துவிட்டேன்.

“புள்ளியா? டோர்ச் அடிங்க தம்பி,” என்றார் நானா. பற்றரியைக் கழற்றி, மூன்று தலைகளும் முட்ட அந்தக் குழிக்குள் பார்த்தோம்.

“இருக்கு! கறுப்பா இருக்கு!” என்று அப்பா கத்தினார்.

நானா ஒரு குண்டூசியால் அதை மெதுவாக வெளியே எடுத்தார். செத்துப்போன எறும்பு. 

எறும்பை வெளியே தட்டிவிட்டு, கெமராவைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். “அப்ப நான் விக்கேலா, தம்பி.”

“இல்ல நானா, கொஞ்சம் கொறச்சுக் குடுத்தா...”

“கொறைக்கிற கத இல்ல இது. நாளைக்கு அது நின்டா, தெரிஞ்சே தலையில கட்டினவன் நானாப் போவன். நீங்க சொல்லாம ஈந்தா நானும் தெரியாமக் குடுத்தீப்பன்.” எழுந்தார். “அஸர் தொழுதிட்டு வாரன். பிளேன்டீ வரும், குடிச்சிட்டுப் போங்க.”

விலை குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். விற்கமாட்டேன் என்று ஒருவர் சொல்வார் என்று சிநேகிதனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

“நல்லாப் படிச்ச,” என்றார் அப்பா. “கொறையச் சொல்லி, வாங்காமத் திரும்புற ஒரே ஆளு நீதான்டா. ஒங்கம்மாகிட்ட என்னான்னு சொல்ல?”

பிளேன்டீ வந்தது, ஆறியது. எங்கள் கடையின் மூலையில் போன் திருத்துகிறவனின் மேசையும் விளக்கும் என் கண்ணுக்குத் தெரிந்தன. அப்பா மேசையில் கிடந்த தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்னா எழுதியிருக்கு? வாசி.” வாசித்தேன். “மறுபடி வாசி.” மறுபடியும் வாசித்தேன். நாலாவதோடு நிறுத்தியதும் தாளைப் பிடுங்கி, அடியில் இருந்த வெற்றிடத்தை விரலால் தட்டினார். “எடம் இருக்குல்ல?”

நானா திரும்பி வந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். “மொதலாளி, ஐபு சொல்லித்தான் விக்கணும்னீங்க. இத எழுதி அஞ்சாவதாப் போடுங்க. தெரிஞ்சுதான் வாங்குறோம்னு நாங்க கையெழுத்து வைக்கிறோம். அப்ப யாரு தலையில யாரு கட்டுறது?”

நானா கதிரையில் உட்கார்ந்து, தாளில் இருந்த நாலையும் ஒரு தடவை விரலால் எண்ணினார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார். “எனக்கு அந்த வெவரம் எழுத வராது. நீங்க எழுதுங்க.”

எழுதினேன்: ‘ஐந்து. ஷட்டர் எந்த நேரமும் நின்றுபோகலாம். நிற்காமலும் இருக்கலாம்.’

வாசித்துப் பார்த்த நானா முதல்முறையாகச் சிரித்தார். “இது நம்ம எல்லாருக்கும் ஈக்கிற ஐபு தானே தம்பி!” சிரிப்பு முடிந்ததும், “இந்த ஐபுக்கு பதினஞ்சு கழிச்சிக்கோங்க. எம்பது தாங்க,” என்றார். பேரம் பேச வாயைத் திறந்திருந்த அப்பா அப்படியே மூடிக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான தன் பெயரைத் தாளின் அடியில் எழுதினார். நேரமெடுத்துத்தான் எழுதினார்.

மறுநாள் காலையில் மூலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டேன். முதலில் வந்தவர் சாரதி வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர். பிளாஷை நகத்தால் கிளப்பியபோது, “அது ஒடஞ்சிருச்சா தம்பி?” என்று கேட்டார். “இல்ல, அது அப்பிடித்தான்,” என்றேன்.

ஐந்தாவது மாதம் ஷட்டர் நின்றது. ஒரு சின்னப் பிள்ளை மூன்று தடவை அழுது, நாலாவது தடவைதான் நேராகப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து நின்றது. நானாவுக்கு போன் எடுத்தேன்.

“அஞ்சாவதா?” என்றார்.

“ஆமா நானா.”

“நான் ஒன்டும் தரேலா, தம்பி. எழுதித்தானே ஈக்கி.”

“கேக்க எடுக்கல நானா. சொல்லத்தான் எடுத்தேன்.”

பிறகு அவரே பிலிமத்தலாவையில் கெமரா திருத்துகிற ஒருவரின் இலக்கத்தைத் தந்தார். அவர் புது ஷட்டர் போட இரண்டு நாள் கேட்டார். அந்த இரண்டு நாளும் மூலை காலியாகக் கிடந்தது. முதலாளி அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம், போன் திருத்துகிறவனை நினைத்து, நான் போய் வெள்ளைத் துணியைச் சரிசெய்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் அவர் அங்கே வந்து நின்று, “நாளைக்கு வருதா இல்லையா? ஆளுங்க கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க,” என்றார். திரும்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கெமரா வந்துவிட்டது. பழைய ஷட்டரைவிடச் சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்புகிறார்கள். “எங்க மகன் படம் எடுக்கிறான், அங்க போங்க” என்று அம்மா சொல்லி அனுப்புகிறாராம்.

கெமரா திரும்பி வந்த அன்று இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்: “தொண்ணூத்தஞ்சு சொன்னத எம்பதுக்கு வாங்குனோம். அப்புறம் திருத்துக்கூலி. மொத்தமா எவ்வளவுடா ஆச்சு?”

“தொண்ணூத்தெட்டாயிரத்து ஐந்நூறு,” என்றேன்.