நாற்பத்தொரு நிமிடம்

பாலங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் அந்த நிறுவனத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிமிஷக்கா என்றால் வாசல் காவலருக்கும் தெரியும். எந்தக் கணினி வாங்குவதானாலும் முதலில் அவருடைய அறைக்கு வந்தாக வேண்டும். இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, சுவரில் வெப்பமானி, அவ்வளவுதான் அறை. ஒரே பாலத்தின் படத்தை விண்டோஸில் ஒரு தரம், லினக்ஸில் ஒரு தரம், பழைய பிராசஸரில், புதியதில் என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு, எதற்கு எத்தனை நிமிடம் என்று எழுதுவார். அறை இரண்டு டிகிரி சூடாகிவிட்டால் அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு. விற்க வந்தவர் எவ்வளவு குழைந்தாலும் மசியமாட்டார். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு.

வீட்டிலும் லேசுப்பட்டவரல்ல. "நேத்து குளிக்க ஒன்பது நிமிஷம், இன்னிக்குப் பதினாலு. உள்ள என்ன தூக்கமா?" என்பார் கணவரிடம். "இவ முன்னாடி தும்மினாக்கூட அஞ்சு தரம் தும்மணும், சராசரி பார்க்க" என்று அந்த மனிதர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் வரைபடப் பிரிவில் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் தாடி. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்றால் உயிர். பிரிவு முழுவதையும் அதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று மாதம் மெனக்கெட்டு ஒரு கணினியைத் தானே அமைத்து, "ஓட்டிப் பாருங்கக்கா, சும்மா பறக்கும்" என்று கொண்டுவந்து வைத்தார். நிமிஷக்கா ஓட்டினார். அதே போன்ற கணினியில் விண்டோஸ் இருபத்தாறு நிமிடம். தாடியுடையது நாற்பத்தொன்று. அறிக்கை மேலே போனது. பறந்ததா, நடந்ததா என்று அலுவலகமே தாடியைக் கிண்டல் செய்தது. ஆறே மாதத்தில் அவரைக் கீழ்த்தளத்துக் காகிதக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். வாயைத் திறக்காமல் போனார்.

போன வாரம் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். மூலையில் தாடியின் கணினி கிடந்தது. சோதனை முடிந்த அன்று நிமிஷக்கா கையெழுத்துப் போட்டு ஒட்டிய சீல் கிழியாமல் இருந்தது. உள்ளே இருப்பதை அழித்துவிடலாம் என்று திறந்தவர், பழக்கதோஷத்தில் அமைப்புகளையும் ஒரு பார்வை பார்த்தார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கணினியைக் கட்டிப் போட்டு மெதுவாக ஓட்டும் சமாச்சாரம் அது; ஒரு தரம் நிறுத்தி வைத்தாலும், கணினியை அணைத்து மறுபடி போட்டதும் தானாகத் திரும்பி வந்துவிடும். சோதனைக்கு முன் அதை நிறுத்த வேண்டும் என்று விண்டோஸுக்கான சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி வைத்திருந்தார். லினக்ஸ் பட்டியலில் அந்த வரியை அவர் எழுதவே இல்லை.

அதை நிறுத்திவிட்டு ஐந்து தரம் ஓட்டினார். ஐந்து தரமும் இருபத்திரண்டு நிமிடம்.

மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "செத்த பாம்பை ஏன் மேடம் அடிக்கிறீங்க? இது வெளிய வந்தா உங்க பழைய அறிக்கை ஒண்ணையும் எவனும் நம்பமாட்டான். இப்ப யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன். தப்புன்னா தப்புதான். இதுல என்ன வழவழா கொழகொழா?"

இருக்கைக்குத் திரும்பி, 'பிழை என்னுடையது' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். இருபத்திரண்டு வருடத்துப் பேரும் அதோடு போகிறது என்று நன்றாகவே தெரிந்தது. பிறகு கீழே இறங்கினார்.

தாடி தாடியை எடுத்துவிட்டிருந்தார். காகிதக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தவர், "வாங்கக்கா, பேப்பர் வேணுமா?" என்றார்.

"தம்பி, உன் மெஷின் இருபத்திரண்டு நிமிஷம்தான். மெதுவா ஓட்டுற அமைப்பை நான் நிறுத்தாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் இருபத்திரண்டுதான் வந்துச்சுக்கா. உங்ககிட்ட குடுக்கறதுக்கு முந்தின நாள் ஓட்டி, நோட்டுல எழுதியே வச்சிருந்தேன்."

"அட, அப்ப ஏன் அன்னிக்கே வந்து என்னைக் கேக்கல?"

"அறிக்கையில உங்க கையெழுத்து இருந்துச்சே. நான்தான் கடிகாரத்தைத் தப்பாப் பார்த்துட்டேன்னு நெனச்சு, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."