இரண்டு கையாலும் எடுப்பவர்

கடைவாசலிலேயே குந்தி உட்கார்ந்து, தோள்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பார் சாய்நாத். கையிலிருக்கும் பழைய காபி 'பாட்'டை முக்கால்வாசி நிரப்பி, அதன் மூக்கு வழியாக ஓரத்துச் சாக்கடையில் ஊற்றுவார். ஊற்றுவது பெரிய விஷயமில்லை, நிறுத்துவதுதான் சோதனை. சட்டென்று மணிக்கட்டை நிமிர்த்துவார். மூக்கின் கீழே ஒரு சொட்டு திரண்டு பாட்டின் வயிற்றில் உருண்டால், மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"சொட்டறது, கஃபார். மேஜை விரிப்பெல்லாம் கறையாயிடும்."

"மேஜை போடவே வூட்ல எடமில்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்பார் அப்துல் கஃபார்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் கஃபார். இழுத்து மூடிய ஓட்டல்கள், இடிக்கப்போகிற பங்களாக்கள், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வீடுகள் என்று எங்கே காலி செய்தாலும் அவர் போய் நிற்பார். காபி பாட் எதுவும் கண்ணில் பட்டால் சாய்நாத்துக்கு போன் வரும். "சார், ஒரு ஐட்டம் வந்துகீது. மூடியோட கீது." அடுத்த அரைமணி நேரத்தில் சாய்நாத் அந்தச் சந்தில் இருப்பார்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய குடியிருப்பில், என் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பூதக்கண்ணாடி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அங்கிருக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை இருக்கிறதென்று பார்ப்பார். ஒருமுறை என் வீட்டு ரசச் சொம்பைக் கூட அப்படிப் பார்த்தார். உள்ளே ரசம் இருந்தது.

நீலத்தில் வெள்ளைப் புள்ளி தெளித்த எனாமல் பாட், கப்பல் கம்பெனியின் எழுத்துப் பொறித்த வெள்ளி முலாம் பாட், கொக்கு பறக்கும் ஜப்பான் பீங்கான், இடுப்பு ஒடுங்கி நடுவில் மர வளையமும் தோல்வாரும் கட்டிய கண்ணாடிக் குடுவை. அவர் வீட்டில் என்னவெல்லாமோ இருந்தன. எதை எடுத்தாலும் இரண்டு கையாலும்தான் எடுப்பார். ஒரு கை அடியைத் தாங்கும். மறு கையின் கட்டைவிரல் மூடியை அழுத்திக்கொள்ளும். "கைப்பிடியை நம்பவே கூடாது. அதுதான் மொதல்ல விட்டுட்டுப் போகும்" என்பார்.

"டபராவுல ஆத்திக் குடிக்கறவாளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று உறவினர்கள் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வது சாய்நாத்தின் மனைவி ஹம்சினிதான். "எங்களுக்குக் கொழந்தை இல்லை. இதுகளாவது சத்தம் போடாம நிக்கறதுகள்."

இதை ஆரம்பித்துவைத்ததே ஹம்சினிதான் என்பது பலருக்குத் தெரியாது. வங்கியில் வேலை பார்த்த காலத்தில் அடையாறில் ஏதோ ஒரு விருந்தினர் விடுதியை மூடியபோது, விளிம்பில் தங்கக்கோடு ஓடிய வெள்ளைப் பீங்கான் பாட் ஒன்றை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, ஆபீஸ் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாய்நாத் டிகாக்‌ஷன் இறக்க, இரண்டு பேரும் அதிலிருந்து ஊற்றிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட். எது என்று ஹம்சினி தேர்ந்தெடுப்பார், சாய்நாத் காபி போடுவார். அவர் காபி போட்டால், வாசனையிலேயே மாடியில் எனக்குத் தெரியும்.

பாட்கள் பெருகப் பெருக அந்த ஞாயிறுகள் நின்றன. கழுவித் துடைத்து வைப்பது பெரும்பாடு என்றார் சாய்நாத். பிறகு, கழுவினால் முலாம் போய்விடும் என்றார். அதன்பின் ஹம்சினி அவற்றைத் தொடுவதே அவருக்குப் பிடிக்காமல் போனது. கூடம் நிறைந்தது. படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வரும் நடையில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகள் வந்தன. ஹம்சினி புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பழகினார்.

ஒருநாள் தூசி தட்டும்போது ஒரு மூடி அவர் கையிலிருந்து நழுவி விளிம்பு சிதறியது. சில்லு விரலைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொள்ள என் வீட்டுக்கு வந்தார். "டார்ச் அடிச்சுண்டு கட்டிலுக்கடியில சில்லைத் தேடிண்டிருக்கார்" என்று சிரித்தார். "என் மண்டை ஒடஞ்சிருந்தாலும் மொதல்ல மூடியைத்தான் தேடுவார்." நானும் சிரித்தேன்.

போன ஆடி மாதம், ஒரு பிற்பகல். "கொஞ்சம் கீழ வாங்கோளேன்" என்று மாடிப்படியில் சாய்நாத்தின் குரல் கேட்டது. போனேன். படுக்கையறைத் தரையில் ஹம்சினி கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடங்கி, யாருடையதோ போலக் கிடந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன, தெளிவாகவும் இருந்தன.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்த இரண்டு ஊழியர்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடைக்குள் நுழைந்தார்கள். பாதி தூரத்தில் அது ஸ்டாண்டில் முட்டி நின்றது.

"சார், இத்தக் காலி பண்ணுங்க. சீக்கிரம்" என்றார் மூத்தவர்.

சாய்நாத் காலி செய்ய ஆரம்பித்தார். மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டை எடுத்தார், இரண்டு கையாலும். அடியைத் தாங்கி, மூடியை அழுத்திக்கொண்டு கூடத்துக்குப் போய், குனிந்து, பாயின் மேல் வைத்தார். திரும்பி வந்தார். அடுத்ததை எடுத்தார். நான் கைக்கு இரண்டாக அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று இடிக்காமல் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க? தள்ளி வுடுங்க சார்! அந்தம்மா உயிரு போய்க்கினு கீது!"

"இதோ, இதோ" என்றார் சாய்நாத். குரல் பதறியது. கைகள் பதறவில்லை.

நான் படுக்கையறைப் பக்கம் திரும்பினேன். ஹம்சினி கூரையைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக, கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்த ஊழியர் அதற்குமேல் பொறுக்கவில்லை. தோளைக் கொடுத்து ஸ்டாண்டைத் தள்ளினார். எல்லாம் சரிந்து விழுந்தன. அந்தச் சத்தத்தின் நடுவிலும் சாய்நாத்தின் கை நீண்டு, விழுந்துகொண்டிருந்த ஒரு பாட்டை அந்தரத்தில் பிடித்துவிட்டது. கட்டிலிலிருந்து உருவிய விரிப்பில் ஹம்சினியைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு, உடைசல்களை மிதித்தபடி அவர்கள் ஓடினார்கள். சாய்நாத்தும் பின்னாலேயே ஓடினார். ஆம்புலன்ஸில் ஏறப் போனபோதுதான் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஹம்சினி பிழைத்துக்கொண்டார். வலது பக்கமும் பேச்சும் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்குமா என்று அவர் தங்கை நீரஜா டாக்டரிடம் கேட்டார். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சாய்நாத்தால் நிம்மதியடையவும் முடியவில்லை, முழுசாக அழவும் முடியவில்லை.

நர்ஸ் வந்தால் ஹம்சினி பார்ப்பார். நீரஜா வந்தால் இடது கையை நீட்டுவார். சாய்நாத்தின் குரல் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

"கோவிச்சுண்டாத் தேவலை" என்றார் அவர் என்னிடம், ஆஸ்பத்திரி வராந்தாவில். "வேணும்னு பண்ணலை. கை அப்படித்தான் போச்சு. இத்தனை வருஷமாப் பழக்கின கை. வேற மாதிரி எடுக்க அதுக்குத் தெரியலை." பிறகு கேட்டார். "அவ படுத்திருந்த எடத்துலேர்ந்து தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

தெரிந்திருக்காது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைத் தன் வீட்டுக்கே கே.கே. நகருக்கு அழைத்துப் போய்விட்டார் நீரஜா. அந்த வாரமே சாய்நாத் கஃபாரை வரச்சொன்னார்.

"எல்லாத்தையும் சாக்குல போட்டுக் கட்டு."

"ஒடஞ்சிடும் சார். பேப்பர் சுத்தி அட்டப்பொட்டில வெச்சு எடுத்துகினு போறேன்."

"ஒடையட்டும்."

கஃபார் தரையில் உட்கார்ந்து தன்பாட்டுக்குக் காகிதம் சுற்ற ஆரம்பித்தார். சாய்நாத் ஒரு பாட்டைக் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கி, அருகிலிருந்த காலிச் சாக்கில் எறிந்தார். மந்தமாக ஒரு சத்தம். பிறகு சாக்குக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கஃபார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாய்நாத் நடைக்கு வெள்ளை அடித்தார். சுவரில் பிடித்து நடக்கக் கம்பி பதித்தார். கட்டிலை ஜன்னலோரம் மாற்றினார். எல்லாவற்றையும் படமெடுத்து நீரஜாவுக்கு அனுப்பினார். நீரஜா அதை அக்காவிடம் காட்டிவிட்டு, அன்று மாலை போனில் சொன்னார். "நன்னாப் பார்த்தா, அத்திம்பேர். அப்பறம் போனைக் கவுத்து வெச்சுட்டா."

கஃபாரும் ஒருநாள் போன் செய்தார். தி. நகரில் புதிதாகத் திறந்த காபிக்கடைக்காரர்கள் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்களாம். "அடியில ஓட்ட போட்டு, பல்பு மாட்டித் தொங்க வுட்டுக்கீறாங்க சார். சொல்லலாமா வேணாமான்னு இருந்துச்சு."

"எரியறதா?"

"சூப்பரா எரியுது சார்."

"போறும்" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகும் தினமும் கே.கே. நகருக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் நீரஜா அவரை வாசலிலேயே நிறுத்தினார். நிறுத்தியவருக்கும் கண் கலங்கியிருந்தது. "அத்திம்பேர், தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்க வந்துட்டுப் போனா ராத்திரி வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேங்கறா. கஞ்சி கூட எறங்கலை."

"சரி, நான் வரலை" என்றார் சாய்நாத். இரண்டு படி இறங்கியவர் நின்று கேட்டார். "காபி குடிக்கறாளா?"

"நான் போட்டா ஒரு வாய் குடிச்சுட்டுத் தள்ளிடறா."

இப்போது தினமும் பிற்பகலில் அவர் வீட்டிலிருந்து காபி வாசனை மாடிக்கு வருகிறது. ஃபில்டரில் சொட்டி இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். பால் பொங்கும்போது எடுத்துக் கலக்கி, எவர்சில்வர் பிளாஸ்க்கில் ஊற்றி, துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கிறார். ஒருநாள் நானும் ஹம்சினியைப் பார்க்க அவரோடு போனேன்.

நீரஜாவின் வீடு முதல் மாடி. காற்றுக்காக வாசல்கதவு திறந்தே இருக்கும். கூடத்தில் கதவைப் பார்த்தாற்போல் ஹம்சினியின் கட்டில். சாய்நாத் கதவுக்கு முன்னால் வரவில்லை. பின்பக்கப் படி வழியாக ஏறி, மொட்டைமாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளேயிருந்தும் அவர் தெரியமாட்டார்.

நான் உள்ளே போய்க் கட்டிலருகே இருந்தேன். ஹம்சினி இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். நீரஜா படிப்பக்கம் போய் வாங்கிவந்த காபி டம்ளரை உதட்டில் வைத்துச் சாய்க்க, அவர் நிதானமாக, கண்ணை மூடிக் குடித்தார். ஒரு சொட்டு கூட வழியவில்லை. முடித்ததும் டம்ளரை இடது விரலால் தட்டினார். இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

நீரஜாவும் நானும் வெளியே வந்தோம். அங்கே பேச்செல்லாம் உள்ளே கேட்காத கிசுகிசுப்பில்தான்.

"முழுசும் குடிச்சுட்டா அத்திம்பேர். இன்னும் கேக்கறா."

சாய்நாத் பிளாஸ்க்கைத் திறந்து மிச்சத்தையும் ஊற்றினார். "யார் போட்டதுன்னு சந்தேகம் வரலையே?"

"நான்தான் போட்டேன்னு சொல்லிண்டிருக்கேன்."

"அப்படியே சொல்லு. மாத்திடாதே."

நீரஜா டம்ளரோடு உள்ளே போனார். படியின் திருப்பத்து ஜன்னலில் மாலை வெயில் இறங்கியிருந்தது. அது சாய்நாத்தின் முதுகில் பட்டு, அவருடைய தலையின் நிழலைத் திறந்திருந்த கதவின் நிலைப்படி வரை நீட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஓசைப்படாமல் சுவரோரமாக நகர்ந்தார். அப்போதும் போதவில்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்த நிழல் வாசலை விட்டு முழுக்க விலகும்வரை தன் உடம்பைக் குறுக்கிக்கொண்டே போனார்.