கேமராவில் பேசிய என் குரல்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் இல்லாதவள் என்று நினைக்காதீர்கள். காஸை மூடினேனா, அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என் பயமெல்லாம் காஸ், கரண்ட், தண்ணி லாரி, தெருநாய், இப்படி கண்ணுக்குத் தெரிகிறவைதான். அதனால்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எங்கள் வீடு நெமிலிச்சேரியில், தண்டவாளத்திலிருந்து மூன்றாவது தெரு. ரயில் போனால் ஸ்டாண்டில் இருக்கிற எவர்சில்வர் தட்டெல்லாம் கிணுகிணுக்கும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் காலர் தைக்கிறேன், இல்லை, தைத்தேன். என் பெண் திவ்யா ஆறாவது படிக்கிறாள். நாலு மணிக்கு வந்து பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நான் ரயில் பிடித்து வர ஆறே முக்கால் ஆகிவிடும். அவ்வளவு நேரம் பெண் பிள்ளை தனியாக இருக்கிறாளே என்பதுதான் எனக்கு மெஷினில் உட்கார்ந்தால் வருகிற முதல் நினைப்பு, கடைசி நினைப்பும் அதுதான்.

என் தொல்லை தாங்காமல் வீட்டுக்காரர் சேகர் கரையான்சாவடியில் ஒரு கடையில் சொல்லி வைஃபை கேமரா வாங்கி மாட்டினார். போனில் பார்க்கலாம், நாம் பேசினால் அங்கே கேட்கும். மாட்ட வந்த தம்பி, "அக்கா, பெட்டில வந்த பாஸ்வேர்டு வாணாம், வேற மாத்திக்கோங்க" என்றது. "நான் எட்டாங்கிளாஸ் பெயிலு தம்பி, மறந்துபூடும், வந்ததே இருக்கட்டும்" என்றேன். அந்தப் பாஸ்வேர்டு ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தொலைந்துவிடக் கூடாதே என்று அதை உரித்து சாமி ஷெல்ஃப் பக்கத்தில் சுவரில் ஒட்டி, புதுப் பொருள் ஆயிற்றே, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கேமரா நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனியில் போன் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்கினால் சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றபடி கேமராவில், "கண்ணு, சாப்ட்டியா? கதவ சாத்திகினியா?" என்று கேட்பேன்.

ஒரு திங்கட்கிழமை அப்படிக் கேட்டதும் திவ்யா தலையைத் தூக்கி, "எத்தினி தபாம்மா கேப்ப? வந்ததுலேர்ந்து இதே கேட்டுகினு கீற" என்று சலித்துக்கொண்டாள். பிள்ளை விளையாடுகிறது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை நான் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறேன், திறக்கவில்லை. ஜன்னல் கொஞ்சூண்டு திறந்தது. அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

"நீ யாரு?"

"இன்னாடி கேள்வி? அம்மாடி."

"வெரல காட்டு."

என் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறின தழும்பு உண்டு. காட்டினேன். அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுத்தாள். எடுத்தவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் கேமரா, "கண்ணு, அம்மா வந்துட்டேன், கதவத் தொற" என்றதாம். என் குரல். இவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டாள். அப்புறம் என்ன தோன்றிற்றோ, "தட்டு இன்னும் ஆடவே இல்ல, ரயிலே வராம நீ எப்டிம்மா வந்த?" என்று கேட்டாளாம். வெளியே யாரோ ரொம்ப நேரம் நின்றமாதிரி கதவின் அடியில் நிழல் இருந்ததாம். இன்றைக்கும் அந்தத் தட்டுகளைக் கழுவினால் ஸ்டாண்டில் அதே இடத்தில்தான் வைக்கிறேன்.

சேகர் முதலில், "நீ பயந்து பயந்து கொயந்தையவும் பயமுறுத்தி வெச்சிகிற" என்றுதான் கத்தினார். ஆனால் சனிக்கிழமை அந்தக் கடைத் தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். தம்பி சாமி ஷெல்ஃபைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டது.

"இன்னாக்கா இது, சாவிய வாசல்ல தொங்க வுட்டா மாதிரி! பெட்டி பாஸ்வேர்டு தெரிஞ்சா எவன் வேணா உள்ள வந்து பாக்கலாம், பேசலாம். நீ பேசுறத புடிச்சி உன் கொரலு மாதிரியே பேச வெக்கிறானுங்க இப்போ."

சரி, ஒரு திருடன் என்று மனசு கொஞ்சம் சமாதானமானது. திருடன் என்றால் போலீஸ் இருக்கிறது. தம்பி கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டை எடுத்து, பதிவானதை ஒவ்வொன்றாக ஓடவிட்டது. புதன்கிழமை, "கதவத் தொற" வந்தது. என் குரல்தான், ஆனால் தண்ணீர் கலந்த பால் மாதிரி, ஏதோ குறைந்தது. அதைத் திருடன் என்றே வைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமைப் பதிவை வைத்தபோது என் உயிர் என்னிடம் இல்லை.

திவ்யா பையை இறக்குகிறாள். கேமராவிலிருந்து என் குரல், கெஞ்சுகிற மாதிரி, மெல்ல, "கண்ணு சாப்ட்டியா, தனியாவா கீற, கதவ சாத்திகினியா, காஸு பக்கம் போவாத." நடுவில் நான் தொண்டையைச் செருமுகிறேன். பின்னால் வரிசையாகத் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். அதற்கும் பின்னால் எங்கள் சூப்பர்வைசர், "நாலாவது லைன், காலர் பண்டல் இன்னும் வர்லியா?" என்று கத்துகிறார். அன்றைக்குப் பண்டல் லேட்டாகி அவர் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். என் போன் அப்போது கேட்டில், டோக்கன் என் ஜாக்கெட்டுக்குள்.

அந்த நேரத்தில் நான் அதையெல்லாம் யாரிடமும் பேசவில்லை. மெஷினில் உட்கார்ந்து எனக்குள்ளேயே முணுமுணுக்கிறவை. பக்கத்து மெஷின்காரிக்குக்கூடக் கேட்காது.

"இது எப்டி தம்பி?" என்று கேட்டேன். தம்பி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டது. "தெர்லக்கா" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டது.

எல்லாம் செய்தோம். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தோம், வைஃபை பாஸ்வேர்டை மாற்றினோம், போலீஸில் எழுதிக் கொடுத்தோம், கேமராவைக் கழற்றி சேகரே சுத்தியால் உடைத்தார். நான் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். நாலு மணிக்கு என் பிள்ளை என் கண் முன்னால் இருக்கிறாள், எனக்கு அது போதும்.

ஆனால் போன வாரம் நான் சமையல்கட்டில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திவ்யா ஹாலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பின்கதவைச் சாத்தினாளோ இல்லையோ என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், சாமி சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

"சாத்திட்டேம்மா" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கேமரா மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அன்றைக்கே சேகரிடம் சொல்லி ஆணியைப் பிடுங்க வைத்தேன். இப்போது அங்கே ஓட்டை மட்டும்தான் இருக்கிறது. நேற்று அந்த ஓட்டையைப் பார்த்துத் தலையாட்டினாள்.