நடுத்துண்டு

எங்கள் ஊரில் மக்ரூன் போடுகிற பேக்கரிகளில் முட்டையின் வெள்ளைக்கருவுக்குத்தான் மரியாதை. முந்திரியோடும் சீனியோடும் சேர்ந்து அது மக்ரூனாகிக் கண்ணாடி அலமாரியில் ஏறிவிடும். மஞ்சள்கரு பின்கட்டில் வாளியில் கிடக்கும். அந்த மஞ்சள்கருவை வாங்கி வந்துதான் என் அண்ணன் மனைவி, எனக்கு மைனி, வருஷத்துக்கு ஒரு முறை பழ பிஸ்கட் செய்வாள்.

பழ பிஸ்கட் என்பது நாங்கள் வைத்த பெயர். அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கேப்டன் பிறந்தநாளுக்கு அங்கே செய்யக் கற்றுக்கொண்டதை வீட்டுக்கும் கொண்டு வந்தான். தாம்பாள அகலத்துக்கு ஒரே ஒரு பெரிய பிஸ்கட். அதன் மேல் கிரீம், கிரீம் மேல் பழங்கள். கப்பலில் ஸ்ட்ராபெரி வைப்பார்களாம். இங்கே மே மாத வெயிலில் ஸ்ட்ராபெரிக்கு எங்கே போவது? மாம்பழமும் மாதுளையும் கறுப்புத் திராட்சையும் வைத்தோம். நடுவில் மட்டும் தோல் சீவிய நுங்கு, வட்டமாக.

அந்த நடு அண்ணனுக்கு. எல்லா ஊரிலும் கேக்கை ஓரத்திலிருந்து வெட்டுவார்கள், இவன் நடுவிலிருந்து வெட்டுவான். காப்பி டம்ளரைக் கவிழ்த்து நுங்குக்கு மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்துவான். வட்டமாகக் கையோடு வந்துவிடும். "சமைச்சவனுக்குச் சட்டி, சுட்டவனுக்கு நடு" என்று அவனே ஒரு பழமொழியும் கட்டி வைத்திருந்தான். சுட்டது மைனிதானே என்று தங்கச்சி நான் கேட்டால், "கத்துக் கொடுத்தது யாருளா?" என்பான். மைனி அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நடுவைத் தின்று நான் பார்த்ததில்லை.

கோடையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் கிடப்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பது அப்போதுதான். அண்ணனும் அதற்குத் தக்கபடி லீவு எடுத்துக்கொண்டு வருவான். தடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து எல்லோரும் அவன் வீட்டுக்கு வர வேண்டும், கையை வீசிக்கொண்டு வர வேண்டும். அது அவன் போட்ட சட்டம். யாராவது ஒரு பழப் பையோடு வந்துவிட்டால் கேட்டிலேயே மறித்து, "வீடு மாறி வந்துட்டிய, இங்கன ஆஸ்பத்திரி இல்ல" என்று திருப்பி அனுப்புவான். பை வெளியே சைக்கிளில் தொங்க, ஆள் மட்டும் உள்ளே வருவார்.

போன மழைக்காலத்தில் அண்ணனை வேலைக்கு எடுத்த ஏஜென்சியிலிருந்து மைனிக்குப் போன் வந்தது. காலையில் ஆள் வேலைக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். கப்பலைத் திருப்பி, வந்த வழியில் தண்ணீரிலும் தேடினார்கள். விழுந்தானா, எப்போது விழுந்தான், யாருக்கும் தெரியவில்லை. காலை ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவு மட்டும் சட்டியை மீறிப் பொங்கிக் கிடந்ததாம். இதைச் சொன்னவருக்கு அதை ஏன் சொன்னோம் என்று தெரிந்திருக்காது. எனக்கு அது ஒன்றுதான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அம்மா காலமான பிறகு எங்கள் குடும்பத்துக்குப் பெரிய மனுஷி பெரியம்மாதான். வந்தாள், மைனியின் தலையைத் தடவினாள், "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுளா" என்றாள். ஆறுதல் சொல்லத்தான் சொன்னாள். ஆனால் கவிழ்ந்தது கப்பல் இல்லையே. கப்பல் பத்திரமாகத் துறைமுகம் போய்ச் சேர்ந்து சரக்கை இறக்கிவிட்டது. அண்ணன்தான் போய்ச் சேரவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பெரியம்மா ஆத்துமப் பூசை பற்றிப் பேச்செடுத்தாள். இறந்தவருடைய ஆத்துமா இளைப்பாறக் கோயிலில் சொல்லி வைக்கிற பூசை அது. மைனியும் கோயிலில் பூசைக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பயணம் போனவர் சுகமாகத் திரும்ப வேண்டும் என்று. ஒரே ஆளுக்கு இரண்டு பூசை எப்படி வைப்பது?

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு இனிப்பு செய்ய மாட்டார்கள். பண்டிகை வந்தால் உறவுக்காரர்கள் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் கிறிஸ்மஸுக்கு மைனி தன் அம்மா வீட்டில் காய்ச்சலோடு கிடந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மே மாதம்தான் வினை வந்தது. எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வர வேண்டும் என்று மைனி ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

பெரியம்மா மறுநாளே வந்து நின்றாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"துக்க வீட்டுல ஓவன் பத்த வைக்கலாமாளா? ஊரு என்ன சொல்லும்?"

மைனி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எந்தத் தேதியில இருந்து மாமி துக்கம்? தேதியச் சொல்லுங்க, நான் இருக்கேன்."

 போன் வந்த தேதியா? அதற்கு முந்தின ராத்திரியா? அவனை எல்லோரும் கடைசியாகப் பார்த்த நாளா? துக்கத்துக்கு ஒரு வருஷம் என்றால் அது எங்காவது தொடங்க வேண்டும் அல்லவா. எங்களுக்குத் தொடங்குகிற இடமே இல்லை. பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் யார் பக்கம் என்று கேட்டால், அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. ஆனால் மைனி நம்புவதை யாராவது தடுத்தால் அவர்களைக் கடித்துக் குதறத் தோன்றியது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

சனிக்கிழமை நான் குடியிருக்கும் முத்தையாபுரத்திலிருந்து பஸ் ஏறி மைனி வீட்டுக்கு வந்தேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இருவரும் பேக்கரிக்குப் போனோம். அங்குள்ள அண்ணாச்சி வருஷா வருஷம் மைனியைக் கண்டதுமே, "என்ன தங்கச்சி, கப்பல் வந்துட்டா?" என்று கேட்பவர். அன்றைக்கு எழுந்து நின்றார். வாளியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"வீட்டுலயா சுடப் போறிய?"

"பின்ன எங்க அண்ணாச்சி சுடுவாவ?"

"இல்ல, வேணும்னா நான் இங்கனயே சுட்டுக் குடுத்து விடுதேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

நல்ல மனுஷன். அவர் சொன்னது காதில் விழாதவள்போல மைனி கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மஞ்சள்கருவை ஊற்றிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் மைனி வாளியை என்னிடம் தரவே இல்லை.

வெண்ணெயையும் பொடித்த சீனியையும் நுரைக்கக் குழைத்து, மஞ்சள்கருவை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, மைதா சேர்த்துப் பிசறினோம். சப்பாத்தி மாவைப்போல அடித்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும் என்று அண்ணன் சொல்வான். ஒன்றுசேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். தட்டில் வைத்துக் கையாலேயே பரப்பி ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டோம். ஓவனில் வைத்ததும் குசினி முழுக்க வெண்ணெய் மணம் ஏறியது. அந்த மணத்துக்கு எப்போதும் முன்கட்டிலிருந்து ஒரு குரல் வரும், "ஏளா, ஓரம் செவந்துட்டா பாரு" என்று.  அன்றைக்கு மைனியே ஓவன் கதவைத் திறந்து ஓரத்தைப் பார்த்தாள்.

"செவந்துட்டு" என்றாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

கிரீமுக்கு வேண்டிய தயிரை முந்தின நாளே துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஞாயிறு காலையில் பார்த்தால் வெண்ணெய்போலக் கட்டியாக இருந்தது. சீனிப்பொடி போட்டு அடித்துப் பிஸ்கட் மேல் தடவினோம். பழம் அடுக்குவது மைனி வேலை, எனக்கு அதில் கைவராது. வெளிவட்டத்துக்கு மாம்பழம், அடுத்து திராட்சை, அப்புறம் மாதுளை, நடுவில் நுங்கு. சொல்லக் கூடாது, அத்தனை வருஷத்தில் அதுதான் ரொம்ப அழகாக வந்தது.

பூசை முடிந்து முதலில் வந்தது பெரியம்மா. கையில் ஒரு அட்டைப் பெட்டி.

மைனி பெட்டியையே பார்த்தாள். "இது என்னத்துக்கு மாமி?"

"சும்மாதாம்ளா. கொஞ்சம் மக்ரூன்."

அடுத்து வந்த மாமா கையிலும் ஒரு பெட்டி. அவருக்குப் பின்னால் வந்த சித்தி கையில் எவர்சில்வர் டப்பாவில் ரவா லட்டு. பெட்டிக்கு மேல் பெட்டி. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு வந்தார்களா, அவரவருக்கே தோன்றியதா, தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஊர் வாயையே திறக்கவில்லை, பெட்டியை மட்டும் நீட்டியது. கேட்டில் மறித்துத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. நான் மறித்திருக்கலாம். வாய் எனக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்தச் சொல் அவன் சொன்னால்தான் சிரிப்பு, நான் சொன்னால் சண்டையாகியிருக்கும்.

மைனி ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கி மேசையில் வைத்தாள். பழ பிஸ்கட்டுக்கு அந்த மேசையில் இடம் போதவில்லை, கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது.

காப்பி கொடுத்து முடிந்ததும் மைனி ஒரு காலி டம்ளரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.  நுங்குக்கு மேல் கவிழ்த்து அழுத்தினாள். அண்ணனைப்போல ஒரே அழுத்தில் வரவில்லை. இரண்டு மூன்று தடவை திருகியபின் வந்தது. அதைக் கிண்ணத்தில் வைத்து மூடி, பிரிட்ஜில் வைத்தாள். "அவிய வந்தா திம்பாவ" என்றாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மீதியைத் துண்டு போட்டு ஒவ்வொருவரிடமும் நீட்டினாள்.

மாமாவுக்குத் திடீரென்று சர்க்கரை வியாதி. சித்திக்குப் பல்வலி. பெரியம்மா, "பூசை கண்டு வந்தா எனக்கு எதுவும் இறங்காதுளா" என்று சொல்லிக்கொண்டே காப்பியைக் குடித்தாள். துக்க வீட்டில் சுட்ட இனிப்பைத் தின்றால் அந்தத் துக்கத்தை அவமதித்த மாதிரி என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அண்ணனுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு துண்டை எடுத்து நின்ற இடத்திலேயே தின்றேன். ருசி தெரியவில்லை, ஆனாலும் விடாமல் தின்றேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பாவம் என்று பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எல்லோரும் வெயில் தாழ்வதற்குள்ளேயே கிளம்பிவிட்டார்கள். வழக்கமாகச் சீட்டுக்கட்டு வரும், பாட்டு வரும், யாராவது இருவர் படகுக்கதையில் சண்டைபோடுவார்கள். அன்றைக்கு மின்விசிறி சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. தட்டில் கிரீம் இளகி, மாதுளைச் சாறு இறங்கி, பிஸ்கட் ஊறிப்போய்விட்டது. மைனி மேசைக்கு எதிரே உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளர்களைக் கழுவினேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கிளம்பவில்லை.

கை துடைத்துக்கொண்டு வந்தபோது மைனி பெரியம்மாவின் பெட்டியைத் திறந்திருந்தாள். ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டாள். மெதுவாகக் கரையவிட்டு விழுங்கினாள். துக்க வீட்டுக்காரி உறவுக்காரர்கள் கொண்டு வந்த இனிப்பைத் தின்னும்போது எப்படித் தின்பாளோ அப்படி. 

பிறகு எழுந்து பிரிட்ஜைத் திறந்து கிண்ணத்தை எடுத்தாள். நடுத்துண்டை இரண்டாகப் பிட்டு ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, தின்னு."

"மைனி, அது அண்ணனுக்கு..."

"உங்க அண்ணன் இனி வரமாட்டாவ" என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குந்தான் தெரியும். நான் சொல்லணும்னுதான் எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாவ."

இருவரும் நின்றபடியே தின்றோம். நுங்கு நீர் விட்டிருந்தது, பிஸ்கட் குழைந்து கையில் ஒட்டியது. மைனிக்கு அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தாம் இருக்கு" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். போன் வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஓவனின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். பழைய சேலை ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள். சுவரில் தொங்கிய காலண்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குக் கோயிலுக்குப் போயி ஆத்துமப் பூசைக்குச் சொல்லணும். நீயும் வாளா" என்றாள்.

பேனாவை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். என் அண்ணன் எந்த நாளில் இறந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுடைய துக்கத்தை நாங்கள் அன்றிலிருந்து எண்ணுகிறோம்.