வியர்வை நின்ற நண்பகல்

சரிபார்க்க முடிந்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். தன் குழந்தையின் நோயைப் பற்றி எழுதும் தாய்க்கு நினைவு நம்பத்தகுந்த துணையன்று. அது கனவைப் போல நடந்ததை மெருகேற்றும். நடவாததை நடுவே நுழைக்கும். அன்றைக்குக் கடல் ஓசையின்றி இருந்தது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அலை உரக்க இரைந்துகொண்டிருந்தது என்கிறார் என் கணவர். அவருடைய அண்ணியும் அதையே சொல்கிறார். ஆகவே அலை இரைந்தது என்றே கொள்ள வேண்டும்.

எங்கள் மூவர் நினைவும் ஒத்துப்போகும் இடங்களையும், மருத்துவர்களிடம் மறுமுறை கேட்டுத் தெளிந்தவற்றையும் தருகிறேன். கோடை விடுமுறையில் சிறு குழந்தைகளுடன் கடல் கடந்து செல்ல எண்ணுகிறவர்களுக்கும், சென்ற இடத்தில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்க நேர்ந்தவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதல் அறிகுறியை நான் நற்குறியாக எடுத்துக்கொண்டேன். நான்கு வயது மகள் வைதேகி கடற்கரை மணலிலிருந்து நடந்து வந்து என் மடியில் சாய்ந்தாள். வழக்கம்போல அவள் பிடரியில் கைவைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில், விளையாடிவிட்டு வரும் குழந்தையின் பிடரி உலர்ந்துவிட்டால் உடம்பு ஆறிவிட்டது என்று பொருள். ஆறிவிட்டாள் என்றே நினைத்தேன்.

“அம்மா, குளிர்றது” என்றாள்.

அதையும் கடற்காற்றின் வேலை என்றே எண்ணினேன்.

நாங்கள் இருந்தது இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஒரு விடுதி. என் கணவரின் அண்ணன் கொழும்பில் தேயிலை வணிக நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தார். குழந்தைகளின் பள்ளி விடுமுறைக்கு அவர்தான் எங்களை அழைத்தார். எழும்பூரில் ரயில் ஏறி, இராமேசுவரத்தில் கப்பல் மாறி, மறுகரையில் மீண்டும் ரயில் ஏறிச் சென்றோம். வைதேகி புறப்படும்போதே பாண்டி பஜாரில் வாங்கிய நைலான் கவுனைப் போட்டுக்கொண்டு, அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள். கப்பலின் கம்பிகளுக்கிடையே அந்த ரோஜா நிறம் அசைந்துகொண்டே இருந்தது. இன்று நினைத்தாலும் கடல் முழுவதும் அந்த நிறமாகவே தோன்றுகிறது.

சித்திரை மாதம். மழைக்காலம் தொடங்குமுன் அந்தக் கரையில் காற்று நின்றுவிடும் என்று பின்னர் அறிந்தேன். தென்னைகளின் கீழே காலை, நண்பகல், மாலை என்னும் பிரிவுகள் கரைந்து ஒரே நீண்ட வெளிச்சமாக இருந்தன. விடுதியில் தங்கியிருந்த ஐரோப்பியர்கள் உச்சி வெயிலில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் மணலில் வீடு கட்டினார்கள்.

எங்கள் வீட்டில் கோடையில் முற்பகலிலேயே கதவைச் சாத்திவிடுவோம். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்போம். வெயில் தாழும்வரை குழந்தைகள் வாசற்படி தாண்டக் கூடாது. இவற்றை யாரும் எங்களுக்கு விதியாகச் சொல்லித் தரவில்லை, பழக்கத்தால் செய்துவந்தோம். அதனாலேயே ஊர் மாறியதும் அவை கைநழுவியது எங்களுக்குத் தெரியவில்லை.

“தொப்பி ஏதாவது போட்டுவிடலாமா?” என்று நான் கேட்டபோது எங்களை அழைத்திருந்த என் மைத்துனர் சிரித்தார்.

“குளிர் தேசத்துக்காரனே வெயில்ல தோசை மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுண்டு படுத்திருக்கான். மெட்ராஸ்காராளுக்கு வெயில் என்னம்மா புதுசா?”

அனைவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமிதம் இருந்தது. வெயிலை அறிந்தவர்கள் என்ற பெருமிதம்.

மற்றொன்று, தயிர். எங்கள் குழந்தைகள் இருவரும் வீட்டில் உப்பிட்ட நீர்மோர் குடித்தே கோடையைக் கடப்பவர்கள். வாசலுக்கும் மோர்ப்பானைக்கும் இடையே அவர்களுடைய ஓட்டம் ஓயாது. விடுதியிலும் தயிர் கிடைத்தது. அகன்ற மண்சட்டியில், கத்தியால் வெட்டி எடுக்கும்படி உறைந்திருந்தது. பரிமாறுபவர் அதன்மேல் பனைப்பாகு போன்ற ஒரு பாகையும் ஊற்றித் தந்தார். என் ஓர்ப்படி, அதாவது மைத்துனரின் மனைவி, சட்டியை எட்டிப் பார்த்தார்.

“கோமதி, கொழந்தைகளுக்கு வேண்டாம்டி. எருமைத் தயிர். மந்தம் தட்டிடும். முதல் பெஞ்சுல உக்காந்திண்டிருக்கற ரகு கடைசி பெஞ்சுக்குப் போயிடுவான்.”

என் மகன், ஏழு வயது ரகு, உடனே நிமிர்ந்தான். “கடைசி பெஞ்சுல ஜன்னல் இருக்கு பெரிம்மா. குடுங்கோ.”

“பாத்தியா! வாசனைக்கே புத்தி போறது.”

எருமைப்பால் குழந்தைகளின் அறிவை மழுக்கும் என்பது எங்கள் குடும்பங்களில் கேள்வி கேட்கப்படாத செய்தி. எனக்கும் அதில் ஐயமில்லை. என் கணவருக்கும் இல்லை. பசுந்தயிர் அருகில் கிடைக்கவில்லை. மோருக்கு மாற்றாகக் குழந்தைகள் சிவப்பிலும் பச்சையிலும் கலர் சோடா குடித்தார்கள். அது அவர்களுக்குப் பெருங்கொண்டாட்டம்.

அன்று உணவுக்குப் பின் பெரியவர்கள் தென்னை நிழலில் கண்ணயர்ந்தோம். குழந்தைகள் இருவரும் கண்ணெட்டும் தூரத்தில் மணலில் இருந்தார்கள். பிறகு நடந்ததை முதலிலேயே சொன்னேன்: உலர்ந்த பிடரி, குளிர்கிறது என்ற சொல். என் மடியில் சாய்ந்தவள் சற்று நேரத்தில் ரகுவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தாள். அவள் கண்கள் என்னைத் துளைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன. கன்னத்தைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டாற்போல் இருந்தது. அடுத்து வலிப்பு வந்தது.

விடுதிக்காரர் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு சென்றார். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் மிக மெதுவாக நகர்ந்தன. வண்டி விரைவாகத்தான் சென்றது என்கிறார் கணவர்.

மருத்துவமனையில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவர் ஒருவர் இருந்தார். கவுனைக் கத்தரித்து எடுக்கச் சொன்னார். ஈரத் துணிகளால் குழந்தையை மூடி, இரண்டு விசிறிகளை அவள்மேல் திருப்பினார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வைத்தார். நரம்பு வழியே சேலைன் (உப்பு கலந்த, கிருமியற்ற நீர்மம்) ஏறத் தொடங்கிய பிறகே என்னிடம் திரும்பினார்.

“பிள்ளைக்கு எப்ப இருந்து வேர்க்கேல்லை?”

அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதையே நான் அறிந்திருக்கவில்லை.

இதற்கு வெப்பத்தாக்கு (உடல் தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறனை இழத்தல்) என்று பெயர். கடும் வெயிலில் வேர்த்துக் கொட்டும் குழந்தைக்கு நிழலும் நீரும் தர வேண்டும். வெயிலில் நின்ற குழந்தை வேர்க்காமல் கொதித்தாலோ, பேச்சு குழம்பினாலோ, உடனே உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். வியர்வை இருந்தாலும், பேச்சு குழம்பினால் காத்திருக்கக் கூடாது என்றார் மருத்துவர். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

“என்ன குடிக்கக் குடுத்தனீங்கள்?”

கலர் சோடா என்றேன். மோர் கொடுப்பது வழக்கமென்றும், இங்கே கிடைத்தது எருமைத் தயிர் என்பதால் கொடுக்கவில்லை என்றும், காரணத்தோடு சொன்னேன். அவர் களைத்த முகத்தில் முதன்முறையாகச் சிரிப்புத் தோன்றியது.

“நான் சின்னனில இருந்து எருமைத் தயிர்தான் அம்மா. மந்தமோ இல்லையோ எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

என் கணவர் கைகூப்பினார். “மோர் குடுத்திருந்தா இது வந்திருக்காதா, டாக்டர்?”

“அப்பிடி நான் சொல்ல மாட்டன். வெயில் வெயில்தான். மோரும் உப்பும் கொஞ்சம் தாங்கியிருக்கும். இப்ப அதை யோசியாதேங்கோ.” கட்டிலைப் பார்த்தார். “பிள்ளை முழிக்கட்டும். முழிச்சாப் பிறகுதான் மிச்சம் சொல்லலாம்.”

மிச்சம் என்ற அந்தச் சொல் தாழ்வாரம் முழுவதும் என்னோடு நடந்தது. மூளையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஓர்ப்படி சுவரோரமாக அமர்ந்து, கத்தரித்த கவுனை மடித்து, பிரித்து, மீண்டும் மடித்துக்கொண்டிருந்தார்.

வைதேகி மறுநாள் கண்விழித்தாள். என்னை அடையாளம் கண்டாள், கையை நீட்டினாள். நீட்டிய கை என் முகத்தைத் தாண்டிச் சென்று காற்றைப் பிடித்தது. அவள் பேசவில்லை. அவளுக்கு மோர் தரச் சொன்னார் மருத்துவர். விடுதியிலிருந்து வரவழைத்த அந்த மண்சட்டித் தயிரை ஓர்ப்படிதான் கடைந்தார். உப்பிட்டு, நீர் விளாவி, கரண்டியால் ஊட்டினார்.

ஊர் திரும்பினோம். அடையாற்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். சூட்டினால் சிறுமூளை (தலையின் பின்புறமிருந்து நடையையும் நாவையும் ஒழுங்குசெய்யும் பகுதி) தாக்குண்டிருக்கிறது என்றார் அவர். சொற்கள் உள்ளே இருக்கின்றன, அவற்றை வெளியே கொண்டுவரும் வழி குலைந்திருக்கிறது என்று விளக்கினார். வழி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மருந்து இல்லை. நடக்க வையுங்கள், அவளோடு பேசுங்கள், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

பெசன்ட் நகரில் அப்போது வீடுகள் சில, மணல் அதிகம். வெயில் தாழ்ந்த பிறகு அவளை நாள்தோறும் அங்கே கொண்டுசென்றோம். கடலைப் பார்த்தால் அஞ்சுவாள் என்று நான் அஞ்சினேன். அவள் அஞ்சவில்லை. ஈர மணலில் கால்களை அகல வைத்து, இரு கைகளையும் விரித்து, தண்ணீருக்கு அடியில் நடப்பவளைப் போல நடந்தாள். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகும் வேளையில், அவள் எங்களை விட்டு வெகுதொலைவில் வேறொரு கரையில் நடப்பதாகத் தோன்றும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். உதடு அசையும். ஒலி வராது.

பேச்சு அப்படியே நின்றுவிடுமோ என்பதே எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அச்சமாக இருந்தது. வந்துபோகும் உறவினர்கள் சொன்னார்கள். “என்ன கோமதி, வாயே தெறக்க மாட்டேங்கறாளே!” நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்தேன்.

ஒரு மாலை, தங்கையின் நடையையும் நண்டு ஒன்றின் ஓட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்த ரகு சொன்னான்: “வைதேகி, உன்னைவிட நண்டு நேரா நடக்கறதுடி.”

நான் அவனை அதட்ட வாய் திறந்தேன். வைதேகி நின்றாள். முகம் சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஓர் அலை வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று.

“போ… டா” என்றாள்.

என் கணவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். “மொதல் வார்த்தையே மரியாதை இல்லாம வரது பாரு” என்றார். அவர் சிரித்தாரா அழுதாரா என்பதில் எங்கள் நினைவுகள் ஒத்துப்போகவில்லை. எனவே அதை எழுதாமல் விடுகிறேன். ரகு மட்டும், “இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு” என்று அவளைச் சுற்றிக் குதித்தான்.

அதன்பின் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவள் இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். முதல் பெஞ்சில்தான் அமர்கிறாள். மெதுவாகப் பேசுகிறாள், செய்யுளை அசை பிரித்துப் படிப்பதுபோல் ஒவ்வோர் ஒலிக்கும் இடம் விட்டுப் பேசுகிறாள். ஓடும்போது இடது கால் சற்றே விலகும். தன் பிடரியைத் தானே தொட்டுப் பார்த்து, “அம்மா, வேர்க்கறது” என்று வந்து சொல்வாள். எங்கள் வீட்டில் அது நற்செய்தி. அவள் மோரைக் குடிக்கும் ஓசை கேட்டால் நான் செய்துகொண்டிருக்கும் வேலை தானாக நிற்கும்.

காலமும் மாறிவிட்டது. ஒரு வாக்கியத்தை அவள் தொடங்கி முடிப்பதற்குள் முன்பெல்லாம் நான் மூன்று வேலைகளை முடித்திருப்பேன். இப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அடுத்த சொல் வருமுன் உள்ள இடைவெளியில் அடுப்பொலி, தெருவொலி எல்லாம் விலகிப்போய், அலை பின்வாங்கிய ஈர மணல் போல ஒரு வெறுமை பளபளக்கும். அங்கே நான் அச்சமின்றி நிற்கப் பழகிவிட்டேன். சொல் வரும். வந்துகொண்டுதான் இருக்கிறது.

தெரியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இடது காலின் விலகல் முற்றிலும் நீங்குமா என்று அடையாற்று மருத்துவருக்கே தெரியவில்லை. பேச்சற்றிருந்த வாரங்களில் அவள் எங்களிடம் என்ன சொல்ல முயன்றாள் என்று கேட்டோம், அவளுக்கு நினைவில்லை. நாங்கள் கண்ணயர்ந்திருந்தபோது அவள் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தாள் என்பதை அறிந்தவன் ரகு மட்டுமே. முதலில் “கொஞ்ச நேரம்” என்றான். ஓராண்டு கழித்து “ரொம்ப நேரம்” என்றான். இரண்டில் எது சரி என்பது எங்களுக்குத் தெரியாது.