"போறேன்" என்று சொன்ன யாழினி

யாழினி எம்.ஏ. சமூகவியலில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. பி.ஏ. முடித்த கையோடு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். உப்பிலியபுரத்தில் அப்பாவும் அம்மாவும் சின்ன வெங்காயம் போட்டுப் பிழைப்பவர்கள். தம்பி வேலைக்குப் போனதும், இனி என் முறை என்று விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

முதல் பருவத்தில் அருள்ராஜ் சார் நடத்திய பாடம் அவளை ஆட்டிப்படைத்தது. சாதாரண மனிதர்கள் அன்றாடம் எதிரெதிரே வரும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் பாடம். லிஃப்டில் ஏன் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை? நாலு பேர் முன்னால் ஒரு முகமும், கதவுக்குப் பின்னால் இன்னொரு முகமும் ஏன்? இதற்கெல்லாம் கோட்பாடு உண்டு என்று அவர் சொன்னதும் யாழினி எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், எங்க கடையில மாடிப்படிக்குக் கீழ ஒரு மூலை இருக்கும். அங்க போய் செருப்பக் கழட்டி உக்காந்துட்டு, அந்த சிரிப்பையும் கழட்டி வச்சிருவோம். சூப்பர்வைசர் கூட அங்க வந்தா குரலை மாத்திக்குவாரு. இதுதானே சார்?"

"இதேதான்! உக்காரும்மா, மத்தவங்களும் கேக்கட்டும்" என்று சிரித்தார் அவர்.

நாலு வருஷம் கால் கடுக்க நின்றுவிட்டு ஒதுங்கிய அந்த மூலைக்கும் ஒரு கோட்பாடு இருந்திருக்கிறது! அன்று பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது கண்டக்டர், பயணிகள், ஜன்னலோரத்துக்குப் போட்டியிட்ட இரண்டு பேர் என்று எல்லாமே அவளுக்குப் புதிதாகத் தெரிந்தன.

அடுத்த வாரம் சார் ஒரு வேலை கொடுத்தார். எங்கும் எழுதப்படாத, ஆனால் எல்லாரும் கடைப்பிடிக்கும் ஒரு விதியை மீற வேண்டும். யாரையும் புண்படுத்தாமல், என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து செமினாரில் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருவன் காய்கறிக்கடையில் விலையைக் கூட்டிக் கேட்கப்போவதாகச் சொன்னான். யாழினி ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாள். விடைபெறும்போது நம் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். அவள் "போறேன்" என்று மட்டும் சொல்லப்போகிறாள்.

ஜெராக்ஸ் கடை காஜா மைதீனிடம் ஆரம்பித்தாள். "போறேன் பாய்."

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போயிட்டு வாம்மா" என்றார், "வா"வை மட்டும் கொஞ்சம் அழுத்தி. ஹாஸ்டல் மெஸ் அக்கா கரண்டியோடு நின்றுவிட்டாள்: "எங்க போற? யாரு கூட சண்டை?"

பிறகு ஸ்ரீரங்கம். வகுப்புத்தோழி மைத்ரேயியின் வீடு கீழ உத்தர வீதியில் இருந்தது. காபி குடித்துவிட்டு வாசல்வரை வந்தவள், மைத்ரேயியின் அம்மா வேதவதியிடம், "நான் போறேன் மாமி" என்றாள். மைத்ரேயி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, அப்படிச் சொல்லப்படாதுடி கொழந்தே! உள்ள வா. செத்த உக்காரு. ஒரு வாய் தீர்த்தம் குடி. இப்பச் சொல்லு."

"போயிட்டு வரேன் மாமி."

"க்ஷேமமாப் போயிட்டு வா."

தெருவில் இறங்கியதும் யாழினி மைத்ரேயியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியா? யாருமே திட்டலை. எல்லாரும் ஒட்டத்தான் பாக்குறாங்க! நான் ஒடைக்கிறேன், அடுத்த நொடி அவங்க ஒட்ட வச்சிர்றாங்க!"

செமினார் நாள் காலையில், அந்த வேகத்திலேயே அம்மாவுக்கும் போன் போட்டாள். உரம், மழை, தம்பி என்று பேசி முடித்ததும் வாயில் வந்துவிட்டது: "சரிம்மா, நான் போறேன்." சொன்ன கையோடு இணைப்பைத் துண்டித்தாள். சார்ஜும் தீர்ந்திருந்தது. போனை அறையில் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் முறை வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. செமினார் அறைக் கதவு படாரென்று திறந்தது. அம்மா இருசம்மாள் நின்றாள். வெங்காயக் காட்டுக்குப் போகும் சேலை, கையில் ஒரு மஞ்சப்பை, நெற்றியெல்லாம் வேர்வை. முன்னால் மைக்கோடு நின்ற மகளைப் பார்த்ததும் நேராக நடந்து வந்து அவள் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்ன? நெஞ்சு படக்குன்னு ஆயிருச்சு. போன் பண்ணா அணைச்சு வச்சிருக்க. துறையூர் பஸ்ஸைப் புடிச்சு, ஹாஸ்டல்ல கேட்டு ஓடியாரேன்."

"இல்லம்மா... அது படிப்புக்காக..."

"படிப்புக்கா?"

"ஆமாம்மா. மன்னிச்சிரும்மா."

இருசம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். முப்பது முகங்கள். "இதச் சொல்லிப் பாக்கவா ரெண்டு வருசப் படிப்பு?" என்றாள். அருள்ராஜ் சார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. இருசம்மாளுக்கும் கோபத்துக்கு நடுவே உதடு நெளிந்தது. சார் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கம்மா, மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க" என்றார்.

யாழினி கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டாள். இனிப் பார்த்து வாசிக்க ஒன்றுமில்லை.

"மத்த எல்லாருக்கும் திருத்தறதுக்கு ஒரு நொடி கெடச்சது. அம்மாவுக்கு நான் அதைக் குடுக்கலை. அதான் அவங்க பஸ் ஏறி வந்து திருத்துறாங்க. சார், யாரையும் புண்படுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் அதுல தவறிட்டேன். ஆனா இந்த விதி எவ்ளோ ஆழமானதுன்னு இப்பதான் தெரியுது."

கைதட்டல் எழுந்தது. இருசம்மாளும் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்தில் அம்மாவைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றினாள். ஜன்னல் வழியாக எல்லாம் பேசி முடித்து, கையும் அசைத்தாகிவிட்டது. ஆனால் பஸ் நகரவில்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். யாழினி பஸ் டயரைப் பார்த்தாள். பக்கத்து பஸ்ஸிலும் அதே கதை: விடைகொடுத்து முடித்த ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார், உள்ளே இருந்த பெண் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த பஸ்ஸில் ஒரு பையன் இரண்டாவது முறை கையசைத்துவிட்டு வெட்கப்பட்டான்.

விடைபெற்ற பிறகும் பிரிய முடியாத இந்தச் சில நிமிடங்களில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? இதை யாராவது எழுதியிருக்கிறார்களா?

அவள் சாருக்குப் போன் போட்டாள். "சார், என் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கெடச்சிருச்சு! சத்திரத்துலதான் நிக்கிறேன். இருங்க, சொல்றேன்..." பேசிக்கொண்டே அடுத்த பஸ்ஸை நோக்கி நடந்தாள். பின்னால் துறையூர் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. இருசம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, போனும் கையுமாக நடக்கும் மகளைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரியிடம், "எம்பொண்ணு. யுனிவர்சிட்டில படிக்குது" என்றாள்.